உந்துதண்டின் உதறல்



பம்பரம் விட்டுப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஆணி நட்டநடுவில் இறங்கியிருக்கும் பம்பரம் சுழலும்போது அசைவே இல்லாமல் நிற்கும். ‘பம்பரம் தூங்குகிறது’ என்று சிறுவர்கள் சொல்லுவார்கள். அதே ஆணி ஒரு நெல்மணியின் பருமன் விலகியிருந்தால் பம்பரம் தத்தித் தத்தி ஓடும். உள்ளங்கையில் ஏந்தினால் கை உதறும். மரமும் ஒன்றே, சாட்டையும் ஒன்றே; வேறுபாடு அந்த நெல்மணி அளவுதான். சுழலுகின்ற பொருள் எதுவாயினும் அதற்கு இந்த நியதி உண்டு. இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தது, ஒரு பழைய காரின் அடியில் சுழன்ற தண்டு ஒன்றைப் பற்றியும், அது எனக்குக் கற்பித்த பாடத்தைப் பற்றியும் ஆகும்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் கற்பித்தவன். இன்று நான் பேசப்போகும் மூட்டினைப் பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியவன். அதே மூட்டு என் சொந்த வண்டியின் அடியில் கெட்டுப்போனபோது ஒன்றரை ஆண்டு காலம் எனக்கு அது புலப்படவில்லை. இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் ஆசிரியன் இடறிய இடத்தை மாணவர்களுக்குக் காட்டிவிடுவது நல்லதன்றோ?

முதலில் அந்தத் தண்டு என்னவென்று பார்ப்போம். பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் இஞ்சின் முன்புறத்தில் இருக்கும். பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளும். இவ்விரண்டுக்கும் நடுவே, நாம் கால் வைக்கும் தளத்தின் அடியில், நீண்ட எஃகுக் குழாய் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். பட்டறைக்காரர்கள் இதைப் ‘புரொப்பெல்லர் ஷாஃப்ட்’ என்பார்கள். நான் இதனை உந்துதண்டு என்று சொல்லுவேன். இஞ்சினின் ஆற்றலைப் பின் அச்சுக்குக் கொண்டு சேர்ப்பது இதன் வேலை.

இந்த வேலை எளியதன்று. இஞ்சினும் கியர்பெட்டியும் வண்டியின் உடலோடு பிணைந்தவை. பின் அச்சோ வில்தகடுகளில் தாங்கப்பட்டு, மேடுபள்ளம் வரும்போதெல்லாம் ஏறி இறங்குவது. ஒரு முனை நிலைத்து நிற்க, மறு முனை ஏறி இறங்குமானால், விறைப்பான ஒரே தண்டு இரண்டையும் இணைக்க இயலாது. ஆதலால் மடங்கியபடியே சுழலக்கூடிய மூட்டுகள் வேண்டும்.

அத்தகைய மூட்டு ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். உண்டிவில் செய்வதற்குச் சிறுவர்கள் வெட்டுகிறார்களே, அதுபோன்ற இரண்டு கவைக்குச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நெடுக்காகவும் மற்றொன்றைக் குறுக்காகவும் எதிரெதிரே பிடியுங்கள். நடுவில் ஒரு சிலுவையை வைத்து, அதன் நான்கு நுனிகளையும் கவைகளின் நான்கு காதுகளில் திரும்பும்படி பொருத்துங்கள். ஒரு குச்சியைச் சுழற்றினால், மற்றது சாய்ந்திருந்தாலும் கூடவே சுழலும். பட்டறையில் இதற்குக் ‘கிராஸ்’ என்று பெயர்.

இம்மூட்டின் வரலாறு நீண்டது. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்டானோ என்ற இத்தாலிய அறிஞரின் பெயரால் ஐரோப்பாவின் பல மொழிகளில் உந்துதண்டைக் ‘கார்டான் தண்டு’ என்றே இன்றும் வழங்குகிறார்கள். இங்கிலாந்தில் இராபர்ட் ஹூக் என்ற அறிவியலறிஞர் சூரியனை நோக்கும் கருவிகளைப் பற்றி எழுதி 1676-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இம்மூட்டினை விளக்கினார். சுருள்வில்லின் நீட்சியைப் பற்றிய விதியில் நீங்கள் படித்த அதே ஹூக்தான். சங்கிலிகளும் தோல்வார்களும் சக்கரங்களை இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், பிரான்சு நாட்டு லூயி ரெனோ என்ற இளைஞர் 1898-இல் தாம் கட்டிய சிறு வண்டியில் தண்டின் வழியே ஆற்றலைச் செலுத்திக் காட்டினார். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் என்பவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே இம்மூட்டினை மோட்டார் வண்டிக்கு ஏற்றவாறு அமைத்து, 1903-இல் காப்புரிமை பெற்றார். மாணவப் பருவத்தில் தொடங்கிய வேலை உலகெங்கும் ஓடிய வண்டிகளின் அடியில் இடம்பெற்றது என்பதை நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இம்மூட்டுக்கு ஒரு குறை உண்டு. தண்டுகள் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்வரை தொல்லை இல்லை. சாய்வு ஏற்பட்டுவிட்டால், முதல் தண்டு சீராகச் சுழன்றாலும் இரண்டாவது தண்டு சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரையும், இருமுறை தளரும். 10 பாகைச் சாய்வுள்ள மூட்டில் முதல் தண்டு நிமிடத்திற்கு 2000 சுற்று சுழலுவதாகக் கொண்டால், இரண்டாவது தண்டின் வேகம் 1970-க்கும் 2031-க்கும் இடையே ஊசலாடும். இதனைப் போக்கவே தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மூட்டு வைக்கிறார்கள். இரண்டு மூட்டுகளின் சாய்வும் சமமாக இருந்து, நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நின்றால், முதல் மூட்டு உண்டாக்கிய ஏற்றத்தாழ்வை இரண்டாவது மூட்டு நேர்செய்துவிடும். கவைகள் கால் சுற்று மாறி நின்றாலோ, இரண்டின் ஏற்றத்தாழ்வும் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும். ‘ஒரே தளத்தில்’ என்ற சொற்களை மறவாதீர்கள். பின்னால் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

என் வண்டியில் உந்துதண்டு இரண்டு துண்டாக இருந்தது. நீண்ட தண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டும்போது கயிற்றாட்டத்தில் சுழலும் கயிற்றைப்போல நடுவே வளைந்து சுழலத் தொடங்கும். நீளத்தைப் பாதியாக்கினால் அந்த ஆபத்தான வேகம் நான்கு மடங்கு மேலே போய்விடும். ஆகையால் சில வண்டிகளில் தண்டை இரண்டாக்கி, நடுவில் ஒரு தாங்கியை வைப்பார்கள். இதுவே ‘சென்டர் பேரிங்’. என் வண்டியின் பின்துண்டில் இரண்டு கிராஸ்களும், ஒன்றோடொன்று செருகி நீளவும் குறுகவும் கூடிய பற்கள் வெட்டிய பகுதியும் இருந்தன. முன்துண்டு கியர்பெட்டியைச் சந்திக்கும் இடத்தில் மட்டும் கிராஸ் இல்லை. ரப்பர் கப்ளிங் ஒன்று இருந்தது. மெதுவடையைப்போல நடுவில் துளையுள்ள தடித்த ரப்பர் வளையம் அது. அதில் ஆறு மரையாணிகள். மூன்று கியர்பெட்டியின் பக்கமும், மூன்று தண்டின் பக்கமும் ஒன்றுவிட்டொன்றாகப் பிணைந்திருக்கும். இஞ்சினின் அதிர்ச்சியை ரப்பர் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கிராஸைப்போல் பெரிய சாய்வை அது தாங்காது. ஏறத்தாழ நேராக நிற்கும் தண்டுகளுக்கு மட்டுமே அது ஏற்றது.

இனி நடந்ததைச் சொல்லுகிறேன்.

அந்த வண்டி 1974-ஆம் ஆண்டில் என் தந்தையார் வாங்கியது. அவர் மறைந்த பிறகு அதனை விற்றுவிட எவருக்கும் மனம் வரவில்லை. 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதில் ஓர் உதறல் ஏற்பட்டது. மணிக்கு 55 கிலோமீட்டரை எட்டியதும் கால்வைக்கும் தளம் நடுங்கும். இருக்கைக்குக் கீழே தவில் அடிப்பதுபோல் ஓர் ஒலி கேட்கும். வழக்கமான பட்டறைக்குக் கொண்டுபோனேன். ரப்பர் கப்ளிங் பழுதடைந்து வெடித்திருந்தது. அத்தனை ஆண்டு உழைத்த பொருள்தானே என்று புதிது வாங்கி மாட்டினோம். உதறல் குறைந்தது; முற்றிலும் போகவில்லை. பழைய வண்டி இப்படித்தான் இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஏறக்குறைய 6000 கிலோமீட்டர் ஓடியதும் அந்தப் புதிய கப்ளிங்கும் வெடித்தது. இம்முறை பட்டறைக்காரர் சென்டர் பேரிங்கையும் மாற்றினார். அதற்காகத் தண்டின் இரு துண்டுகளையும் பிரித்து மீண்டும் செருகினார். நான் சக்கரங்களையும் சமன்செய்தேன். ஆயினும் உதறல் நிற்கவில்லை. அதன் குணம்தான் மாறிற்று. முன்பு இருந்த நடுக்கத்தோடு மெல்லிய ரீங்காரம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. அந்த மாற்றத்தை நான் காதால் கேட்டேன், கருத்தில் வாங்கவில்லை.

அதற்குப் பதிலாக நான் செய்த காரியம் ஒன்று உண்டு. வெடித்த கப்ளிங்கை எடுத்துக்கொண்டு, அதை விற்ற உதிரிப்பொருள் கடைக்குச் சென்றேன். நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னிலையில், “போலிச் சரக்கை விற்றுப் பிழைக்கிறீர்களே, இது தகுமா?” என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னிலும் இளையவர். “சார், நல்ல சரக்கைத்தான் கொடுத்தேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு பணம் வாங்காமல் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். நான் வெற்றிபெற்றவனைப்போல் வீடு திரும்பினேன்.

2011-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. என் அன்னையாரையும் தங்கையின் மகளையும் ஏற்றிக்கொண்டு திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மணப்பாறையைத் தாண்டிச் சிறிது தொலைவில், வண்டியின் அடியில் சம்மட்டியால் அடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. தொடர்ந்து பத்துப் பதினைந்து அடிகள் விழுந்தன. கிளட்சை மிதித்து வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். தங்கை மகள் அழுதுகொண்டிருந்தாள். என் அன்னையார் முன்னிருக்கையின் முதுகை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு வாய்பேசாமல் அமர்ந்திருந்தார்.

குனிந்து பார்த்தேன். மூன்றாவது கப்ளிங் இரண்டு இடங்களில் கிழிந்து, தண்டின் முனை நிலைதவறித் தளத்தை அடித்திருந்தது. கைப்பிரேக்கின் கம்பிவடம் அறுந்து தொங்கியது. பின்சக்கரப் பிரேக்குக்கு எண்ணெய் செல்லும் குழாயில் ஒரு புதிய கீறல் தெரிந்தது. இன்னும் ஒரு விரற்கடை தூரம் தண்டு விலகியிருந்தால் அந்தக் குழாய் அறுந்திருக்கும். நான் மிதித்த பிரேக் பயன்பட்டிராது. 3000 கிலோமீட்டருக்கும் குறைவாகவே அந்தக் கப்ளிங் ஓடியிருந்தது. முதலாவது 6000, அடுத்தது 3000. ஆயுள் பாதியாயிற்று என்றால் நோய் முற்றுகிறது என்று பொருள். அதை நான் அப்போதுதான் கணக்கிட்டேன்.

அன்னையாரையும் குழந்தையையும் பேருந்தில் அனுப்பிவிட்டு, வண்டியைக் கயிறு கட்டி மணப்பாறைக்கு இழுத்துச் சென்றோம். அங்கே லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் மேஸ்திரி எழுபது வயதை நெருங்கியவர். நான் கதை முழுவதையும் சொல்லி, “கப்ளிங் கிடைத்தால் மாட்டிவிடுங்கள் மேஸ்திரி” என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “மாட்டலாம் சார். ஆனால் மூன்று கப்ளிங்கைத் தின்றது எது என்று தெரியாமல் நான்காவதைக் கொடுப்பானேன்?” என்றார். பிறகு என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“எந்த வேகத்தில் உதறும்?”

“ஐம்பத்தைந்தில் தொடங்கும்.”

“மூன்றாவது கியரில் அதே வேகத்தில் ஓட்டினாலும் உதறுமா?”

“பார்த்ததில்லை.”

“ஓடும்போது நியூட்ரலில் விட்டுப் பார்த்தீர்களா?”

“இல்லை.”

“ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுமா, விட்டால் கூடுமா?”

எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை ஆண்டாக உதறலை அனுபவித்திருந்தேனே தவிர, அதனை ஒருமுறைகூட விசாரித்திருக்கவில்லை. அந்தக் கேள்விகள் என் மாணவர்களிடம் நான் கேட்டிருக்க வேண்டியவை.

மறுநாள் திருச்சியிலிருந்து ஒரு கப்ளிங் வரவழைத்து, சோதனைக்காக மாட்டி, வண்டிகள் அதிகம் ஓடாத நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். மேஸ்திரி பக்கத்தில் அமர்ந்திருந்தார். அச்சோதனைகளின் உட்பொருளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதற் சோதனை, மேல் கியரிலும் மூன்றாவது கியரிலும் ஒரே வேகத்தில் ஓட்டுவது. கியர் மாறினால் இஞ்சினின் சுழற்சி மாறும். உந்துதண்டின் சுழற்சி மாறாது. ஏனெனில் தண்டு சக்கரங்களோடு கட்டுண்டது. கியரை மாற்றியும் அதே சாலை வேகத்திலேயே உதறல் தோன்றியது. ஆகவே இஞ்சின் குற்றவாளியன்று என்று தெளிந்தோம்.

இரண்டாவது, உதறலின் துடிப்பை எண்ணுவது. கணக்கு எளிதாகும் பொருட்டுச் சக்கரத்தின் சுற்றளவை 2 மீட்டர் என்றும், உந்துதண்டு நான்கு முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும் என்றும் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்திற்கு 1000 மீட்டர். எனவே சக்கரம் நிமிடத்திற்கு 500 சுற்று, அதாவது நொடிக்கு எட்டுக்குச் சற்று மேல். தண்டு நிமிடத்திற்கு 2000 சுற்று, அதாவது நொடிக்கு 33. கிராஸ் சுற்றுக்கு இருமுறை துடிப்பதால் நொடிக்கு 67 துடிப்பு. சக்கரத்தில் குறை இருந்தால் ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் மெதுவான ஆட்டம் தெரியும். தண்டில் சமன் தவறினால் தளத்தில் வேகமான நடுக்கம். கிராஸின் குறையோ நடுக்கத்தைக் கடந்து ரீங்காரமாகவே காதில் விழும். என் வண்டியில் நடுக்கமும் இருந்தது, ரீங்காரமும் இருந்தது.

மூன்றாவது, அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானே ஓடவிடுவது. அப்போது தண்டு சுழலும்; ஆனால் இஞ்சினின் இழுப்பு அதன்மேல் இராது. தண்டின் சமன் தவறியிருந்தால் உதறல் அப்படியே நீடிக்கும். இழுப்பினால் பிறந்த உதறலாயின் மறைந்துவிடும். நாங்கள் கண்டது என்ன தெரியுமா? பெரிய நடுக்கம் உடனே மறைந்தது. மெல்லிய ரீங்காரம் மட்டும் மறையவில்லை. மேஸ்திரி சிரித்துக்கொண்டே, “சார், இதில் இரண்டு வியாதி இருக்கிறது. ஒன்று பழையது, ஒன்று நடுவில் வந்தது” என்றார்.

பட்டறைக்குத் திரும்பி வண்டியை உயர்த்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் நுழையக்கூடாது. சக்கரங்களுக்கு அடை கொடுத்து, உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை அமர்த்திய பிறகே அவர் உள்ளே சென்றார். சென்ற அரை நிமிடத்தில் ரீங்காரத்தின் காரணம் வெளிப்பட்டது. பின்தண்டின் ஒரு முனைக் கவை நெடுக்காகவும், மறுமுனைக் கவை குறுக்காகவும் நின்றன. சென்டர் பேரிங்கை மாற்றியபோது அடையாளம் போடாமல் தண்டைப் பிரித்து, கால் சுற்று மாற்றிச் செருகியிருந்தார்கள். அழுக்கைச் சுரண்டியதும், தண்டைச் செய்தவர்கள் பொறித்திருந்த அம்புக்குறிகள் இரண்டும் தெரிந்தன. அவை எதிரெதிரே நிற்கவேண்டியவை, நிற்கவில்லை. ‘ஒரே தளத்தில்’ என்று நான் எத்தனை வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன்!

பழைய வியாதி எது? மேஸ்திரி கியர்பெட்டியின் பின்முனையைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கை விரலால் அழுத்திக் காட்டினார். அது வெல்லப்பாகில் ஊறிய பணியாரத்தைப்போல் குழைந்திருந்தது. கியர்பெட்டியின் பின்புற ஆயில் சீல் காய்ந்து இறுகிப்போனதால், எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து அந்த மவுண்டிங்கின்மேல் பல ஆண்டுகள் விழுந்திருக்கிறது. எண்ணெய் ஊறினால் சாதாரண ரப்பர் உப்பும், மெலியும், பாரத்தில் நசுங்கும். புதிய மவுண்டிங்கோடு ஒப்பிட்டு அளந்தபோது உயரம் 12 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. கியர்பெட்டியின் வால் அந்த அளவு தாழ்ந்துவிட்டது. தாழ்ந்த முனையிலிருந்து தண்டு சென்டர் பேரிங்கை நோக்கி மேலேறவேண்டியதாயிற்று. ரசமட்டமும் கோணமானியும் வைத்துப் பார்த்தோம். நேராக நிற்கவேண்டிய கப்ளிங்கில் சுமார் 2 பாகை மடிப்பு இருந்தது. இஞ்சின் இழுக்கும்போது, குழைந்த மவுண்டிங்கின்மேல் கியர்பெட்டி மேலும் புரண்டு மடிப்பை மிகுதியாக்கியது. நியூட்ரலில் நடுக்கம் மறைந்ததன் காரணம் இதுவே.

2 பாகை என்பது அற்பமாகத் தோன்றலாம். ஒரு கம்பியைக் கையால் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடுகிறது அல்லவா? சாய்ந்த நிலையில் சுழலும் ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நீண்டு ஒருமுறை ஒடுங்கும். மேலே சொன்ன கணக்கின்படி 3000 கிலோமீட்டருக்கு அது 60 இலட்சம் முறை. அத்தனை முறை மடக்கப்பட்ட பொருள் கிழிந்ததில் வியப்பென்ன? ரப்பர் அவ்வளவு காலம் தாங்கியதே வியப்பு.

பிறகு மேஸ்திரி பழைய கப்ளிங்குகளைக் கேட்டார். மூன்றும் பின்பெட்டியில் கிடந்தன. அவற்றை வரிசையாகத் தரையில் வைத்துக் காட்டினார். பின்னால் வாங்கிய இரண்டிலும், ஆறு ஆணிகளின் ஓரத்திலும் ஒரே மாதிரி வெடிப்பு இருந்தது. “சரக்கு மட்டமாக இருந்தால் ஏதாவது ஓர் இடத்தில் விட்டுப்போகும். ஆறு இடத்திலும் ஒரே மாதிரி வெடித்தால் குற்றம் ரப்பரில் இல்லை சார், அதைப் பிடித்திருக்கிற இடத்தில் இருக்கிறது” என்றார்.

மாணவர்களே, இந்தச் சொல்லை ஊன்றி நினையுங்கள். வார்ப்பில் உள்ள குறை ரப்பரோடு சேர்ந்து சுழலுகிறது; ஆகவே எந்நேரமும் ஒரே இடத்தையே தாக்குகிறது. வண்டியில் உள்ள சாய்வு சுழலுவதில்லை, அசையாது நிற்கிறது. சுழலும் வளையத்தின் ஆறு பகுதிகளும் முறைவைத்து அதனைக் கடந்து செல்லுகின்றன. ஆகவே ஆறும் சமமாக அடிபடுகின்றன. உடைந்த பொருளே தன் நோயின் காரணத்தைத் தன்மேல் எழுதி வைத்திருந்தது. நான் அந்தச் சான்றினைக் கையில் ஏந்திக்கொண்டே கடைக்காரரைக் குற்றஞ்சாட்டியிருக்கிறேன்.

பழுது நீங்கிய விதம் எளியது. முதலில் ஆயில் சீல், அடுத்து மவுண்டிங், பிறகு கவைகளை அம்புக்குறிப்படி சேர்த்தல், கடைசியாகக் கப்ளிங். அந்த வரிசையிலும் ஒரு நியாயம் இருந்தது. நோயின் மூலத்திலிருந்து கிளைக்கு வந்தார். கப்ளிங்கை மாட்டுவதிலும் ஒரு நுட்பம் கண்டேன். புதிய கப்ளிங்கைச் சுற்றி எஃகுப் பட்டை ஒன்று இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ரப்பர் அமுக்கத்தைத் தாங்கும். இழுப்பை அவ்வளவாகத் தாங்காது. ஆதலால் அமுக்கிய நிலையிலேயே அதனை மாட்டி, ஆறு ஆணிகளையும் முறுக்கிய பின்னரே பட்டையை வெட்டவேண்டும். முறுக்கும்போதும் ஆணியைத் திருப்பக்கூடாது. ஆணியைப் பிடித்துக்கொண்டு மரையையே திருப்பவேண்டும். இல்லையேல் ரப்பர் முறுகிய நிலையிலேயே தன் வாழ்வைத் தொடங்கும். முந்தைய இரண்டு முறையும் பட்டையை முதலிலேயே வெட்டி எறிந்துவிட்டு, கடப்பாரையால் நெம்பி ஆணிகளை மாட்டியதை நான் அருகில் நின்று பார்த்திருந்தேன். அதுவும் ரப்பரின் ஆயுளைக் குறைத்திருக்கும்.

அத்தனை பொருள்களிலும் மலிவானது அந்த ஆயில் சீல். உள்ளங்கையில் அடங்கும் வளையம் அது. அதனைக் காலத்தில் மாற்றியிருந்தால் மவுண்டிங் கெட்டிராது; மவுண்டிங் கெட்டிராவிடில் கப்ளிங் வெடித்திராது; கப்ளிங் வெடித்திராவிடில் தண்டைப் பிரிக்க நேர்ந்திராது; அன்று மாலை என் அன்னையார் அப்படி நடுங்கியிருக்கவும் மாட்டார். அதற்குப் பின் அந்த வண்டி எட்டு ஆண்டுகளில் 40,000 கிலோமீட்டர் ஓடியது. கப்ளிங் ஒருமுறையும் வெடிக்கவில்லை.

இப்போது உங்களில் சிலர், ‘இன்றைய கார்களில் அந்தத் தண்டே இல்லையே’ என்று எண்ணலாம். 1983-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 வந்தபோதே முன்சக்கரங்கள் இழுக்கும் முறை நம் சாலைகளில் பரவத் தொடங்கியது உண்மை. நீண்ட உந்துதண்டோடு பிறந்த அம்பாசடர் காரின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் லாரிகளிலும் பேருந்துகளிலும் அத்தண்டு இன்றும் சுழலுகிறது. முன்சக்கர இயக்கமுள்ள கார்களிலும் சக்கரத்துக்கு ஒரு தண்டு உண்டு. கிராஸுக்குப் பதிலாக எஃகுக் குண்டுகள் உருளும் மூட்டு அதன் முனையில் இருக்கிறது. அது எந்தச் சாய்விலும் வேகத்தை ஊசலாடவிடாது. எனினும் அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் புகுந்தால், வண்டி திரும்பும்போது ‘கட கட’ என்று ஒலித்து அதுவும் முறையிடும். மூட்டுகள் மாறலாம், முறையீடு மாறுவதில்லை. அதைக் கேட்கும் செவிதான் நமக்கு வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். மணப்பாறையிலிருந்து திரும்பிய மறுநாள் நான் அந்த உதிரிப்பொருள் கடைக்குச் சென்றேன். அன்றும் அங்கே சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். நான்கு பேர் நடுவே சொன்ன பழியை நான்கு பேர் நடுவே திரும்பப் பெறுவதுதான் முறை. “தம்பி, உங்கள் சரக்கில் குற்றமில்லை, என் வண்டியில் இருந்தது. நான் பார்க்காமல் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன். இலவசமாகக் கொடுத்த கப்ளிங்குக்கு உரிய பணத்தையும் மேசைமேல் வைத்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எதனால் சார் வெடித்தது?” என்று கேட்டார். ஒரு காகிதத்தை எடுத்துப் படம் வரைந்து விளக்கினேன். அவர் அந்தக் காகிதத்தை மடித்துத் தம் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொண்டார். இனி யாராவது கப்ளிங் கேட்டு இரண்டாம் முறை வந்தால் மவுண்டிங்கையும் பார்க்கச் சொல்லுவதாகக் கூறினார்.

மாணவ மாணவியரே, ஒரு பொருள் ஒருமுறை உடைந்தால் மாற்றுங்கள். அதே பொருள் அதே இடத்தில் மறுமுறை உடைந்தால், மாற்றுவதற்கு முன் நின்று கேளுங்கள்: எந்த வேகத்தில்? எந்தப் பாரத்தில்? முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் என்ன வேறுபாடு? உடைந்த துண்டு என்ன சொல்லுகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை பிறர்மேல் பழி சொல்லாதீர்கள். கரும்பலகையில் நான் கற்பித்த சூத்திரம் பிழையானதன்று. வண்டியின் அடியில் குனிந்து பார்க்கும்போதும் அதனை உடன் கொண்டு செல்லவேண்டும் என்பதைத்தான் நான் மறந்திருந்தேன்.